வளைகாப்பில் ஒருவரை அழைத்தேன்

ஏப்ரல் 27, 2021

ஒரு வேலை வந்திருக்கிறது. வளைகாப்பு. வெள்ளிக்கிழமை, நாகல் நகரில் ஒரு வீடு.

இந்த மாதம் இரண்டு கல்யாணங்கள் தள்ளிப்போயின. ஒரு காதுகுத்து, தாய்மாமனுக்குக் காய்ச்சல் என்று நின்றுபோனது. கேமராவை வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி பைக்குள் வைப்பதுதான் வேலையாக இருந்தது.

பேசியவர் பெண்ணின் மாமியார். பெயர் காந்திமதி. "பொம்பளப் புள்ள போட்டோ எடுக்குதுன்னாங்க, அதான் ஒன்னையக் கேட்டேன். கொரோனா காலம் பாரு, பத்துப் பதினஞ்சு பேருதான். ஆனா படத்துல நெறைஞ்சு தெரியணும்மா."

நிறைந்து தெரிய வைக்கலாம். நெருக்கி நிறுத்தினால் போதும்.

அம்மா ஜாக்கெட் வெட்டிய மிச்சத் துணியில் மாஸ்க் தைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு ஒன்று, பச்சையில் ஜரிகைக் கரையோடு. விசேஷ வீட்டுக்குப் போகிறவள் என்பதால் ஜரிகையாம்.

ஏப்ரல் 30

வந்ததும் குளித்து, போட்டிருந்த துணியைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு எழுதுகிறேன். இதுவரை எடுத்ததிலேயே நல்ல படம் இன்றைக்கு எடுத்தது.

பெண்ணின் பெயர் அபிநயா. ஏழாம் மாதம். மயில்கழுத்துப் பட்டு. காலையில் அவளைத் தனியாக நிறுத்திப் படமெடுத்தபோது நிறையப் பேசினாள். ஆறு வயதில் அம்மா இறந்துவிட்டாராம். வேடசந்தூரில் சித்தி வீட்டில் வளர்ந்திருக்கிறாள். "எங்கம்மா எனக்கு போட்டோல பாத்த மொகந்தான்க்கா. மத்ததெல்லாம் சித்திதான்."

சடங்கு தொடங்கியது. ஒவ்வொரு பெண்ணாக வந்து கன்னத்தில் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். என் வேலையில் ஒரு முறை உண்டு. எல்லோரும் இரண்டு தடவை செய்ய வேண்டும். முதல் தடவை சடங்குக்கு. இரண்டாவது எனக்கு. முதல் தடவையில் கை அவசரமாகப் போகும், முகம் வேறு பக்கம் இருக்கும். இரண்டாவதில் நான் சொல்வேன்: கை கன்னத்திலேயே இருக்கட்டும், முகத்தைக் கிட்டே கொண்டுவாருங்கள், இங்கே பாருங்கள், சிரியுங்கள். மாஸ்க்கை இறக்கச் சொன்னேன். மூக்கும் வாயும் இல்லாமல் ஒரு சந்தோஷத்தை எப்படிப் படமெடுப்பது?

"ஏத்தா, போட்டோக்காரிக்காக ரெண்டு ரெண்டு தடவ பூசுறோம், புள்ள ரெட்டையாப் பொறந்துரப் போகுது" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பையும் எடுத்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். கொல்லைப்புறக் கதவருகே ஒருவர் நின்றிருந்தார். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க். நெற்றியில் திருநீறு மட்டும். கைகளை இறுக்கிக் கட்டியிருந்தார். யார் என்று அபிநயாவிடம் கேட்டேன். "அவங்கதான் சித்தி. விஜயராணி" என்றவள் வளையல்களைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

புரிந்துவிட்டது. எம்.ஏ.வில் இதைப் பற்றித்தான் ஆய்வேடு எழுதினேன்: சடங்குகளில் வெளியே நிறுத்தப்படும் பெண்கள். நல்ல மதிப்பெண். அது இல்லாவிட்டாலும் புரிந்திருக்கும். என் எட்டாவது வயதிலிருந்து அம்மா எல்லா விசேஷத்திலும் அப்படி ஒரு கதவருகேதான் நிற்கிறாள்.

"அம்மா, நீங்க வாங்க. வளத்தவங்க நீங்கதானே" என்றேன்.

காந்திமதி வளையல் தட்டைப் பார்த்தார். விஜயராணி மறுப்பாகத் தலையை ஆட்டினார். நானே பக்கத்தில் போனேன். ஏதோ சொன்னார். நாதஸ்வரப் பாட்டு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது, அவரோ இரண்டு மாஸ்க்குக்குள்ளிருந்து பேசினார். கையைப் பிடித்து அழைத்துவந்தேன். கை சூடாக இருந்தது. சித்திரை வெயில்.

"வாங்க சித்தி" என்று அபிநயா இரண்டு கைகளையும் நீட்டினாள். அதன் பிறகு அவர் தயங்கவில்லை. மாஸ்க்குக்கு மட்டும் தயங்கினார். காதிலிருந்து கயிற்றை நானே எடுத்துவிட்டேன்.

சந்தனம் பூசிய கையை அவர் எடுப்பதற்குள் அபிநயா அவரை இழுத்துக் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டாள். சந்தனம் இவள் கன்னத்திலிருந்து அவர் கன்னத்துக்கு. அவருக்குக் கண்கள் சிவந்து நிறைந்திருந்தன. எடுத்தேன்.

கேமராவை இறக்கி, அந்தப் படத்தை அங்கேயே மூன்று தடவை பார்த்தேன். சரியான ஒன்றைச் செய்திருக்கிறேன்.

மே 1

படத்தை வெளியிட்டேன். "யாரையும் கதவருகே நிறுத்தாத வளைகாப்பு" என்று ஒரு வரி. அபிநயாவிடம் கேட்டேன், "போடுங்கக்கா" என்றாள். சித்தியிடம் கேட்கவில்லை. எண் இல்லை.

மாலைக்குள் எங்கெங்கோ போய்விட்டது. தெரியாதவர்கள் எல்லாம் அழுததாக எழுதுகிறார்கள்.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"என்னைய இப்படிக் கூப்பிட்டிருந்தா நான் வந்திருக்க மாட்டேன்."

"ஏம்மா?"

"எல்லாரும் வேடிக்கை பாக்க நடுவுல போயி நிக்கணுமாக்கும்? அந்தம்மாவுக்கு வரணும்னு இருந்துச்சான்னு கேட்டியா?"

"அழுதாங்கம்மா. சந்தோசத்துல."

"என்னமோ. கண்ணு ரொம்பச் செவந்து கெடக்கு" என்றுவிட்டு மிஷினுக்குப் போனாள். அவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன்.

மே 2

ஓட்டு எண்ணிக்கை. தெருவெல்லாம் டிவி சத்தம்.

ஒரு இணைய இதழ் படத்தைக் கேட்டது. பெரிதாக்கி அனுப்பினேன். அதற்கு முன் கண்களில் சிவப்பைக் குறைத்தேன். எல்லாப் படத்துக்கும் செய்வதுதான்.

என் பழைய பேராசிரியர் எழுதியிருக்கிறார்: "பெருமையாக இருக்கிறது, சுடர்."

மே 4

அபிநயாவிடமிருந்து: "லேசா காய்ச்சல்க்கா. அத்தை கஷாயம் குடுத்தே கொல்றாங்க. ஆல்பம் எப்ப வரும்?"

சிரிக்கும் பொம்மை ஒன்று அனுப்பினேன்.

மே 5

காபித்தூளை முகர்ந்து பார்த்தேன். வாசனை வருகிறது. அம்மாவுக்கும் வருகிறது.

மே 8

அபிநயாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். அவள் கணவன் அருண்பாண்டி வெளியே மரத்தடியில் நிற்கிறான், உள்ளே விடவில்லை. காந்திமதி போனில் சொன்னார். எனக்கு ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

"மூச்சு விட முடியலம்மா புள்ளைக்கு. வயித்துப் புள்ளக்காரி." அழுகை. பிறகு குரல் மாறியது. "அன்னைக்கு அவ கைய வச்சா பாரு, அப்பவே எனக்கு நெஞ்சு திக்குன்னுச்சு. தாலி எழந்தவ கை நல்ல காரியத்துல படலாமா?"

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. இது நோய். கிருமி. தாலிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"நீ படிச்ச புள்ள, பேசுவ. ஒன்னைய நான் குத்தஞ் சொல்லல. ஒனக்கு வழக்கம் தெரியாது. அவளுக்குத் தெரியும்ல? கூப்பிட்டா வந்துர்றதா? இனி எங்க வாசப்படி மிதிக்கக் கூடாது அவ. பேரப்புள்ள மொகத்தப் பாக்கக் கூடாது."

நான் விடாமல் பேசினேன். மூடநம்பிக்கை பற்றி, ஒரு பெண்ணின் மீது பழிபோடுவது பற்றி. பேசியதில் ஒரு வாக்கியம்கூடத் தவறில்லை.

கிருமி யாரிடமிருந்து வந்திருக்கும் என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கூடத்தில் பதினைந்து பேர் இருந்தோம். யாரிடமிருந்தும் வந்திருக்கலாம்.

மே 10

இன்றிலிருந்து முழு ஊரடங்கு. வீடியோவைத் தொகுக்க உட்கார்ந்தேன். படம் எடுக்கும்போது இன்னொரு கேமரா முக்காலியில் தானாக ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கொல்லைக் கதவுப் பக்கம்தான் வைத்திருந்தேன்.

ஓரிடத்தில் ஒலி சரியில்லை. அங்கே பேச்சை எடுத்துவிட்டு நாதஸ்வரத்தை நிரப்பினேன். வீடியோவில் இது வழக்கம்.

மூல ஒலியை அழிக்கவில்லை.

மே 11

அரிசி, துவரம்பருப்பு, அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை. காலையிலேயே வாங்கியாயிற்று. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் இருமினார். எல்லோரும் அவரைப் பார்த்தோம். கொலைகாரனைப் பார்ப்பதுபோல.

மே 13

தெரியாத எண். எடுத்தேன்.

"பாப்பா, நான் வேடசந்தூர் விஜயராணி. அருண் தம்பிகிட்ட நம்பர் வாங்குனேன்."

குரல் கரகரத்தது. நாலு சொல்லுக்கு ஒரு இருமல். ஊரில் முகாம் போட்டுப் பரிசோதித்தபோது அவருக்கும் இருப்பதாக வந்ததாம். தனியாக இருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் சோற்றை வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். இப்போது தேவலை என்றார்.

"அபிக்கு எப்படி இருக்கு பாப்பா? எங்கிட்ட யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க."

தெரிந்ததைச் சொன்னேன். அப்புறம் அந்த அம்மா பேசுவதை மனதில் வைக்காதீர்கள் என்றேன்.

"காந்திமதி அண்ணியா? அது பேசுனாப் பேசிட்டுப் போகுது. தாலியில்லாதவன்னு கேட்டு கேட்டுப் பழகிப் போச்சு. அது என்னைய ஒண்ணும் செய்யாது." நிறுத்தினார். மூச்சு வாங்கியது. "ஆனா நோயோட வந்து தொட்டேன்னு அபிக்குத் தெரியக் கூடாது. நான் வளத்த புள்ள பாப்பா. நானே கொண்டுவந்து குடுத்தேன்னு அது நெனச்சிருச்சுன்னா நான் இருக்க மாட்டேன். ஒனக்கு மட்டுந்தான் தெரியும். சொல்லிறாத."

"சொல்ல மாட்டேம்மா."

உடனே சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை. எனக்கு வேண்டியதை அவரே கேட்டுவிட்டார்.

மே 16

அறுவை செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண். எட்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. அபிநயாவுக்கு இன்னும் நினைவு சரியாகத் திரும்பவில்லை.

மே 19

அபிநயாவைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

மே 20

இணைய இதழில் படம் வந்துவிட்டது. கட்டுரையாளர் என்னை "கேமராவால் ஒரு கதவைத் திறந்தவர்" என்று எழுதியிருக்கிறார்.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். போகவில்லை. தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனாள். கேட்டிருந்தால் கத்தியிருப்பேன்.

மே 23

எழுதிவிடுகிறேன்.

அந்த ஒலியில் பேச்சு தெளிவாகவே இருக்கிறது. நாதஸ்வரத்தை மீறி, இரண்டு மாஸ்க்கை மீறி.

"வேணாம் பாப்பா. விடியக்காலையில இருந்து ஒடம்பு காயுது. மாத்திரை போட்டிருக்கேன். தள்ளி நின்னு பாத்துட்டுப் போயிர்றேன்."

அதற்குப் பிறகு என் குரல். உற்சாகமாக.

"அதெல்லாம் ஒரு சாக்கும்மா. யாருக்கும் பயப்படாதீங்க. நான் இருக்கேன்ல, வாங்க."

ஆக, எனக்குக் கேட்டிருக்கிறது. பதில் சொல்லுமளவு கேட்டிருக்கிறது. காய்ச்சல் என்று ஒரு பெண் சொன்னதை, விதவை சொல்லும் சாக்கு என்று மொழிபெயர்த்துக்கொண்டேன். அவரை அவர் வாயால் சொன்னதிலிருந்து அல்ல, என் ஆய்வேட்டிலிருந்து புரிந்துகொண்டேன்.

ஏப்ரல் 30 குறிப்பைத் திருத்தலாமா என்று பார்த்தேன். திருத்தவில்லை. அந்தப் பொய் அப்படியே இருக்கட்டும்.

மே 24

படத்தை நீக்கினேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஜூன் 6

அபிநயா கண் திறந்து பேசுகிறாளாம். தானாக மூச்சு விடுகிறாள். அருண்பாண்டி குரலில் சிரிப்பு கேட்டது. "எந்திரிச்ச ஒடனே சித்தி எங்கன்னு கேட்டா மேடம். அம்மா பேச்ச மாத்திட்டாங்க."

வெகுநாளுக்குப் பிறகு இரவில் தூங்கினேன். அதற்காகவும் வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 28

குழந்தையையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அபிநயாவிடமிருந்து: "சித்தி போனே எடுக்க மாட்டேங்குறாங்க. அத்தை அவங்க பேர எடுத்தாலே சாமி ரூமுக்குப் போயிர்றாங்க. எனக்கு அவங்ககிட்ட சண்ட போடத் தெம்பு இல்லக்கா."

ஜூலை 5

காந்திமதி அழைத்தார். வெள்ளிக்கிழமை தொட்டில். வீட்டு ஆட்கள் மட்டும். "ஆடி பொறக்குறதுக்குள்ள போட்டுறணும். நீ வந்து நாலு படம் எடுத்துக் குடு."

விஜயராணியைக் கூப்பிட்டிருக்கிறார்களா என்றேன். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் சொன்னார். அதுவே பதில்.

விஜயராணிக்கு அடித்தேன். என் அழைப்பை எடுத்தார்.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். காய்ச்சலச் சொல்லல. என் பங்க மட்டும் சொல்றேன். நீங்க வேணாம்னீங்க, நான்தான் வற்புறுத்துனேன்னு. சொல்லட்டுமா?"

பின்னால் ஆடு ஒன்று கத்தியது.

"சொன்னா அபியப் பாக்க விடுவாங்களா?"

"தெரியலம்மா."

"புள்ள யாரு மாதிரி இருக்காம்?"

"நான் இன்னும் பாக்கல."

"சரி, சொல்லு. காய்ச்சல் மட்டும் வேணாம்."

"வேணாம்மா. சொல்ல மாட்டேன்."

இந்தத் தடவை அவர் சொன்ன வேண்டாம் எனக்குக் கேட்டது.

ஜூலை 9

தொட்டில் முடிந்தது. குழந்தை என் முன்னங்கை அளவுதான் இருக்கிறாள். நெற்றி நிறைய மை. அபிநயா பாதியாகிவிட்டாள். வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்குகின்றன. மாஸ்க்கைக் கழற்றச் சொல்லவில்லை. யாரையும் நெருங்கி நிற்கச் சொல்லவில்லை. படங்கள் சுமார்தான்.

சாப்பாட்டுக்கு முன் காந்திமதியிடம் போனேன். தனியாகச் சொல்ல நினைத்தேன். நாத்தனார்கள் இருவர் பக்கத்திலேயே நின்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன்.

"அம்மா, அன்னைக்கு விஜயராணியம்மா தானா வரல. வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். தப்பு என்னோடது. அவங்கள ஒதுக்காதீங்க."

"என்ன தப்பு?" என்றார் காந்திமதி.

கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என்ன தப்பு? காய்ச்சல்காரரை இழுத்துவந்தது என்று சொல்ல முடியாது. வாக்குக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்தது ஒரே ஒரு பதில்தான்.

"வழக்கம் தெரியாம அவங்கள நல்ல காரியத்துல கூப்பிட்டது."

சொன்னேன். என் வாயால்.

காந்திமதியின் முகம் இளகிவிட்டது. என் தோளைத் தட்டினார். "அதத்தான் நான் அன்னைக்கே சொன்னேன். கேட்டுக்கங்கடி, எம்மே படிச்ச புள்ளயே ஒத்துக்கிருச்சு." நாத்தனார்கள் தலையாட்டினார்கள். "அவ அப்படிப்பட்டவ இல்லேன்னு எனக்குந் தெரியும். வரட்டும். இன்னைக்கு நல்ல நாளு, இன்னைக்கு வேணாம். நாளைக்கு வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு."

சாப்பிட்டேன். பாயசம் இரண்டு தடவை ஊற்றினார்கள். அந்த வீட்டில் இப்போது நான் நல்ல பெண்.

கிளம்பும்போது அபிநயா அறைக்குள்ளிருந்து கூப்பிட்டாள். மடியில் குழந்தை தூங்கியது.

"அத்தைகிட்ட நீங்க சொன்னது கேட்டுச்சு." தொட்டில் சேலையின் நூலைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். "அக்கா, அன்னைக்கு சித்தி கன்னம் சுட்டுச்சு."

கேமராப் பையைக் கீழே வைத்தேன்.

"கை வச்சப்பவே தெரிஞ்சுச்சு. அவங்க பின்னால போகப் பாத்தாங்க. நான்தான் இழுத்து ஒட்டிக்கிட்டேன். என் கல்யாணத்துக்கு அவங்க சமையக்கட்டுல நின்னுதான் பாத்தாங்க. அன்னைக்கு விட்டா இனிமே இல்லேன்னு தோணுச்சு. வயித்துல இவ இருக்கான்னு அந்த நிமிசம் தோணலக்கா." குழந்தையைப் பார்த்தாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க. முக்கியமா சித்திகிட்ட. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா தாங்க மாட்டாங்க."

சரி என்றேன். இதற்கும்.

வண்டியை வெகுதூரம் உருட்டிக்கொண்டே நடந்தேன். பிறகுதான் ஸ்டார்ட் செய்யலாம் என்று நினைவு வந்தது.

ஜூலை 10

மதியம் அபிநயா ஒரு படம் அனுப்பினாள். அருண்பாண்டி போனில் எடுத்தது. கோணல், வெளிச்சம் போதவில்லை. கூடத்தில் தொட்டில். சற்றுத் தள்ளிச் சுவரில் சாய்ந்து விஜயராணி தரையில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு மாஸ்க். கைகள் இரண்டும் மடிக்கு அடியில்.

கீழே அவள் எழுதியிருந்தாள்: "வந்ததுல இருந்து இப்படியே ஒக்காந்திருக்காங்க. புள்ளையத் தூக்கவே மாட்டேங்குறாங்க. அத்தையே தூக்குன்னு சொல்லிட்டாங்க, அப்பவும் மாட்டேங்குறாங்க."

அடுத்து: "நீங்க ஒரு வார்த்த கூப்பிட்டுச் சொல்லுங்கக்கா. அன்னைக்கு நீங்க கூப்பிட்டுத்தான வந்தாங்க."

அம்மாவின் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது. மறுபடி ஓடியது.

"நான் கூப்பிட மாட்டேன் அபி. நீ அவங்ககிட்டப் பேசு" என்று எழுதினேன்.

"என்ன பேச?"

எழுதுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. இரண்டு பேரும் சொல்லாதே என்றவர்கள். ஆனால் அவளுடையதை அவளிடமே திருப்பித் தருவதுதானே.

"கன்னம் சுட்டதை" என்று எழுதி அனுப்பினேன்.

பார்த்துவிட்டாள்.